பெரிய சிஸ்டர் மேசை ஏறிய நாள்

"முடியாதுன்னா முடியாது. இந்த வயசுல நான் போய் அந்த மேசையில..."

"யாராவது ஒருத்தர் ஏறித்தான் ஆகணும் சிஸ்டர், ஒத்திகைன்னா..."

"ஒத்திகையாம் ஒத்திகை! நாடகமா போடுறோம் இங்க? பிரசவம் பாக்குறோம்."

"நாளைக்கு வர்ற அம்மா பிரசவத்தை மட்டும் பாக்க வரல சிஸ்டர். வலியோட வர்ற பொண்ணை நாம எப்படி நடத்துறோம்னு பாக்க வர்றாங்க."

"எப்படி நடத்துறோமா? இருபத்தேழு வருஷம்! ஒரு புகார் வந்திருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் இப்பவே வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"புகார்ப் பெட்டி எங்க இருக்கு சிஸ்டர்?"

"டாக்டரம்மா ரூம்ல. பீரோ மேல."

"சாவி?"

"பீரோ உள்ள."

சொல்லி முடித்த பிறகுதான் பெரிய சிஸ்டருக்கே தன் பதில் காதில் விழுந்தது. எதிரே நின்றவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை, ஒரு திட்டுத் திட்டிவிட்டு விஷயத்தை முடித்திருக்கலாம். அவள் கையிலிருந்த பலகையில் எதையோ எழுதிக்கொண்டாள்.

எழுதியவள் சுகாதார அலுவலகத்திலிருந்து மூன்று மாதத்துக்கு முன் வந்தவள். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அதனால் அவளுக்கு இந்த இடத்தில் 'தரம்' என்றே பேர் விழுந்துவிட்டது. "தரம் வருது, தரம் வருது" என்று ஆயாம்மா வாசலிலிருந்து குரல் கொடுப்பாள். உடனே குப்பைக் கூடைகளுக்கு மூடி வந்துவிடும், மேசை மேல் இருந்த டீ கிளாஸ்கள் மறைந்துவிடும். இது தரத்துக்கும் தெரியும்.

பன்னிரண்டு கட்டில் வைத்த சிறிய பிரசவ மருத்துவமனை அது. போன வருடம் தரச் சோதனைக்கு வந்தவர்கள் சின்ன வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். நாளைக் காலை மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் பிரசவ அறையைப் பூட்டிவிடுவார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் வலியோடு ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த அறையில் பெரிய சிஸ்டரின் கை பட்டுப் பிறந்த குழந்தைகள் இப்போது மீசை வைத்துக்கொண்டு தெருவில் போகின்றன. இது அவள் அறை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பதுதான் அவளுக்கு விளங்காத விஷயம்.

"சரி, நீயே படேன்," என்றாள் தரத்தைப் பார்த்து.

"நான் படுத்தா யாரு எழுதுறது?"

"நெட்டை, நீ படு."

நெட்டை என்பவள் இளைய நர்ஸ். கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். "ஐயோ சிஸ்டர், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல," என்று பின்வாங்கினாள்.

"கல்யாணம் பண்ணிக்கவா சொன்னேன்? படுக்கத்தானே சொன்னேன்?"

"பிரசவம் பாக்குற ஆள் நான்தானே சிஸ்டர். நான் படுத்துட்டா என்னை யாரு பாக்குறது?"

ஆயாம்மா யாரும் கேட்பதற்கு முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு முதுகு. ஏறினா இறங்க மாட்டேன், நாளைக்கு அந்த அம்மா வர்றப்பவும் அங்கயேதான் கிடப்பேன்."

ஆக, வேறு வழியில்லை. பெரிய சிஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டா அந்தக் கவுனை. பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

சீருடைக்கு மேலேயே கவுனை மாட்டிக்கொண்டாள். பின்பக்கம் மூன்று இடத்தில் முடிச்சுப் போட வேண்டிய கவுன் அது. இரண்டு இடத்தில் நாடாவே இல்லை.

"இதுக்கு நாடா எங்கடி?"

"எப்பவுமே இல்லையே சிஸ்டர்," என்றாள் நெட்டை.

மேசைக்கு ஏற ஒரு படி போட்டிருந்தார்கள். பெரிய சிஸ்டர் குள்ளம். ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலை எடுக்க முடியாமல் அந்தரத்தில் நின்றாள். "இந்தப் படியை யாரு இவ்வளவு உசரமா செஞ்சது? வயித்தைத் தூக்கிக்கிட்டு வர்றவ எப்படி ஏறுவா?"

"நீங்கதான் செய்யச் சொன்னீங்க சிஸ்டர். அடியில துடைக்க வசதியா இருக்கும்னு."

"பேச்சைக் குறை. கையைக் குடு."

ஏறிப் படுத்தாள். கால்களைத் தாங்குகிற கம்பிகள் இரண்டு, மேசையின் கடைசியில் விரிந்து நின்றன. நெட்டை அவள் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் வைத்தாள். சரக், சரக் என்று இரண்டு சத்தம். பட்டையை இழுத்து இறுக்கிவிட்டாள்.

"அடியே, என்னை எதுக்குக் கட்டுற?"

"ஐயையோ! கை தானா போயிருச்சு சிஸ்டர். பழக்கம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றாள் தரம் வேகமாக. "எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. எதையும் மாத்தாதீங்க. சிஸ்டர், நீங்க பிரசவத்துக்கு வந்திருக்கீங்க. அவ்வளவுதான்."

பெரிய சிஸ்டருக்கு இரண்டு பையன்கள். இரண்டுமே ஆபரேஷன். ஆகவே இந்த மேசைக்கு அருகில் அவள் ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்றிருக்கிறாளே தவிர, படுத்துப் பார்த்ததில்லை. படுத்தால் முதலில் தெரிந்தது விளக்கு. கண்ணைக் குத்தியது. முகத்தைத் திருப்பினால் கூரையில் ஒரு ஈரக்கறை, பூனை உட்கார்ந்திருப்பது மாதிரி. இத்தனை வருடத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை. மணி என்ன என்று பார்க்கலாமென்றால் கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தது. நிற்கிறவர்களுக்குத்தான் மணி தெரியும்.

கால்களுக்கு நேர் எதிரே கதவு.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மருந்துக்கிடங்கு எழுத்தர் வந்தார். கையில் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம். மேசையில் தூக்கிக் கட்டியிருந்த இரண்டு முழங்கால்களைப் பார்த்தார். "பெரிய சிஸ்டர் எங்கம்மா?" என்று அந்த முழங்கால்களிடமே கேட்டார். நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் வராமல் போகவே எழுத்தர், "சரி, வந்தா சொல்லுங்க," என்று போய்விட்டார். இருபது வருடமாகத் தினமும் வணக்கம் வைக்கிற மனிதர். ஒரு தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த ஆளு உள்ள வரலாம்னு யாரு சொன்னது?" என்றாள் பெரிய சிஸ்டர் கூரையைப் பார்த்தபடி.

"தினம் வர்றவர்தானே சிஸ்டர்," என்றாள் ஆயாம்மா.

தரம் எழுதிக்கொண்டாள்.

அப்போது வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல். கூட்டத்தில் கடைசி ஆள் வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். "வழி விடுங்க, வழி விடுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" பிரசவ வலியோடு வருகிறவளே தனக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தாள். பஸ் கண்டக்டர். இரண்டாவது பிரசவம். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷனின் தங்கை.

"தலை முட்டுதுடி அம்மா!" என்றாள் கண்டக்டர்.

அவ்வளவுதான். ஒத்திகையாவது ஒன்றாவது. நெட்டை ஓடினாள், ஆயாம்மா ஓடினாள். டாக்டரம்மா மாடியில் ஆபரேஷன் அறையில் இருந்தாள். கண்டக்டரைக் கொண்டுவந்து இரண்டாவது மேசையில் ஏற்றினார்கள். பெரிய சிஸ்டர் படுத்திருந்த மேசைக்கு ஒரு முழம் தள்ளி. இரண்டுக்கும் நடுவே திரை மாட்டக் கம்பி இருந்தது. திரை இல்லை. புதுத் திரை வாங்கியாகிவிட்டது, அழுக்காகிவிடக் கூடாதே என்று நாளைக்கு மாட்டுவதற்காக பீரோவில் வைத்திருந்தார்கள்.

"வெளிய, வெளிய! ஸ்டாஃப் தவிர யாரும் உள்ள நிக்கக் கூடாது!" ஆயாம்மா நாத்தனாரை ஒரு கையால் தள்ளினாள். இன்னொரு கையால் தரத்தையும் சேர்த்துத் தள்ளினாள்.

"நான் எழுத வந்தவ! துணைக்கு ஒருத்தரை உள்ள விடணும்னுதான் நான் எழுதவே வந்தேன்!"

"வெளிய உக்காந்து எழுதும்மா," என்று கதவைச் சாத்தினாள் ஆயாம்மா.

"ஏய் நெட்டை, என்னை அவிழ்த்துவிட்டுட்டுப் போ!"

"இதோ வரேன் சிஸ்டர், ஒரே நிமிஷம்!"

பட்டையின் கொக்கி கணுக்காலில் இருந்தது. பெரிய சிஸ்டர் எழுந்து கையை நீட்டிப் பார்த்தாள். வயிறு இடித்தது, கை எட்டவில்லை. கால் இரண்டும் மேலே இருக்க, ஆமையைத் திருப்பிப் போட்டது போல் மறுபடி மல்லாந்தாள்.

வலி ஒன்று வந்து போனதும் கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தனாவது?"

"எது?"

"குழந்தைதான்."

"எனக்கு அம்பத்தேழு வயசும்மா."

"அதான் கேட்டேன். தைரியம்தான் உங்களுக்கு."

"நான் இங்க வேலை பாக்குறவ. ஒத்திகைக்குப் படுத்தேன்."

"அட கடவுளே. வேலை பாக்குறவங்களையே கட்டிப் போட்டுட்டாங்களா?" கண்டக்டர் தன் காலைப் பார்த்தாள். சரக், சரக். அவளுக்கும் கட்டியாகிவிட்டது. "இந்தாம்மா உசரமான பொண்ணு, இதை அவிழ்த்துவிடு. நாளெல்லாம் நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிக்கிறவ நான். படுத்தாதான் வலி உயிர் போகுது. நிக்க விடு, இல்ல முட்டி போடவாவது விடு."

"நின்னுக்கிட்டே பெத்துக்க இது என்ன பஸ்ஸா?" என்றாள் நெட்டை, கிளவுஸ் மாட்டிக்கொண்டே.

"என் நாத்தனாரைக் கூப்பிடு. புருஷன் வேணாம், அவரு ரத்தத்தைப் பாத்தா சாஞ்சிருவாரு, அப்புறம் அவருக்கு ஒரு கட்டில் போடணும். அவளை விடு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டா போதும். அவ... அம்மாஆஆ..."

அடுத்த வலி. கண்டக்டரின் குரல் அறையை நிறைத்தது.

"இந்தா, இந்தா! பெத்துக்க வந்தியா, கச்சேரி பண்ண வந்தியா?" என்றாள் நெட்டை. "வாயை மூடிட்டு முக்கு!"

அது பெரிய சிஸ்டரின் வசனம். வார்த்தை மட்டுமில்லை, 'கச்சேரி' என்பதை அப்படி இழுப்பதும், கடைசியில் ஒரு தட்டுத் தட்டி முடிப்பதும் எல்லாமே அவள் சொல்வது போலவே இருந்தன. இருபத்தேழு வருடமாக அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மேசையில் இருக்கிறவள் சிரித்தாளா இல்லையா என்று அவள் கவனித்தது கிடையாது. இப்போது கவனித்தாள். கண்டக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாயை மூடினாள். ஊரையே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டு வந்த குரல் ஒரு நொடியில் அடங்கிப் போயிற்று.

அடுத்த நொடி நெட்டையின் கை ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது அவசியம்தான். கண்டக்டர் துள்ளி மேசையின் மேல்பக்கமாக நகர்ந்தாள்.

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? நான் என்ன மூட்டையா, சாமானா?"

பெரிய சிஸ்டரின் காலில் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. பட்டை. தன் முழங்கால்கள் இரண்டும் தாமாகவே மூடப் பார்த்திருக்கின்றன என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. பட்டை மூட விடவில்லை. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. தொட்டது பக்கத்து மேசையில்.

ஆயாம்மா இதற்குள் கண்டக்டரின் வயிற்றுக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கத் தயாராகிவிட்டாள்.

"கையை எடு!"

ஆயாம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஆயாம்மா, வயித்துல இருந்து கையை எடு. அமுக்குறது கூடாதுன்னு எத்தனை தாள் வந்து ஒட்டியாச்சு? நானும் படிக்கல, நீயும் படிக்கல. நெட்டை!"

"இதோ சிஸ்டர், இவங்களை முடிச்சிட்டு உங்களை அவிழ்க்குறேன்..."

"என்னை விடு, நான் எங்கயும் ஓடிப் போகல. அவளை அவிழ். ரெண்டு காலையும்."

"சிஸ்டர், தலை தெரியப் போகுது."

"தெரியட்டும். குழந்தையோட துடிப்பைக் கேட்டியா?"

"நல்லா இருக்கு சிஸ்டர்."

"அப்ப அவளை எப்படி வசதியோ அப்படி இருக்க விடு. சுவரோரம் இருக்குற மெத்தையைக் கீழ போடு, புது விரிப்பு போடு. நாளைக்குன்னு எடுத்து வச்சதுதான், அதைத்தான் சொல்றேன், எடு. ஆயாம்மா, கதவைத் திறந்து அந்தப் பொண்ணை உள்ள விடு. கையைக் கழுவச் சொல்லி விடு. திரையை எடுத்து மாட்டு."

"திரை அழுக்காயிடுமே சிஸ்டர்."

"துவைச்சுக்கலாம்!"

இப்படி ஒரு பிரசவத்தை அந்த அறை பார்த்திருக்காது. கண்டக்டர் மெத்தையில் முட்டி போட்டு, நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெட்டை தன் உயரத்தையெல்லாம் மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். பாதி மாட்டிய திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காலைத் தூக்கிக் கட்டியபடி மல்லாந்து கிடந்த ஒருத்தி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வலி வருதாம்மா? வந்தா உனக்குத் தோணுறப்ப முக்கு. கத்தணும்னா கத்து."

"கச்சேரி ஆயிடுமே அக்கா!"

"ஆகட்டும். நான் கேக்குறேன்."

கண்டக்டர் கத்தினாள். நல்ல கத்தல். நாத்தனாரும் சேர்ந்து கத்தினாள், அவளுக்கு எதற்கு என்றே தெரியவில்லை.

"நெட்டை, அவசரப்படாத. தலையை இழுக்காத, கையைக் குடுத்துத் தாங்கிக்கோ. இப்ப முக்காதம்மா, ஊது... மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊது... அப்படித்தான்... அப்படித்தான்..."

அடுத்த நிமிடம் ஆறாவதாக ஒரு குரல் அந்த அறையில் கேட்டது. மற்ற ஐந்து பேரைவிடவும் சத்தமாக.

"பொண்ணு," என்றாள் நெட்டை.

"குரலைக் கேட்டியா அண்ணி?" என்று நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "வேலைக்கு எடுத்துருவாங்க இப்பவே!"

எல்லாம் அடங்கி, குழந்தை அம்மாவின் நெஞ்சில் படுத்த பிறகுதான் நெட்டைக்கு ஞாபகம் வந்தது. ஓடிவந்து கொக்கியை எடுத்தாள். பெரிய சிஸ்டரின் கால் இரண்டும் மரத்துப் போய், கம்பியிலிருந்து இறங்க மறுத்தன.

"எவ்வளவு நேரம் கிடந்தேன்?"

நெட்டை கடிகாரத்தைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு நிமிஷம் சிஸ்டர்."

"முப்பத்தஞ்சா? அவ்வளவுதானா?" முதல் பிரசவத்துக்கு வருகிறவர்களை ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் இப்படிக் கிடத்தியிருக்கிறாள். கணுக்காலைத் தேய்த்தாள். பட்டையின் தடம் சிவந்திருந்தது.

"சிஸ்டர்," என்றாள் நெட்டை மெதுவாக, "நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லடி. நான் சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாம அப்படியே பண்ணின. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

சாயங்காலம் டாக்டரம்மா அறையில் மறுபடியும் சத்தம். நாளைக்கு வருகிறவர்களிடம் கொடுப்பதற்காக, இந்த அறை தன்னைப் பற்றித் தானே நிரப்பிக்கொடுக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. போன வாரம் அதை நிரப்ப பெரிய சிஸ்டருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தாள். இன்று புதுத் தாள் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினாள்.

"ஆறு இடத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க!" டாக்டரம்மா தாளை மேசையில் போட்டாள். "சுய நினைவோடதான் போட்டீங்களா சிஸ்டர்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் போட்டேன் டாக்டர்."

"'பரிசோதிக்கும் முன் பெண்ணின் சம்மதம் கேட்கப்படுகிறதா?' இதுக்குமா இல்லை? அட்மிஷன் அப்பவே கையெழுத்து வாங்குறோமே."

"அந்தக் கையெழுத்தை வாசல்ல நின்னு அவ மாமியார் போடுறாங்க. நான் சொல்றது மேசையில இருக்குறவளை. நீங்க கேட்டிருக்கீங்களா டாக்டர்? கிளவுஸ் மாட்டுவீங்க, 'காலை விரி' அப்படிம்பீங்க. நானும் அப்படித்தான். கேக்கணும்னு தோணுனதே இல்ல, நல்லதுக்குத்தானே செய்யுறோம்னு."

"நல்லதுக்குத்தானே செய்யுறோம்?"

"யாரு இல்லைன்னா?"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தாள். கெட்டவள் இல்லை, மூன்று ஆள் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்கிறவள். "சிஸ்டர், இந்தத் தாளைக் குடுத்தா பூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒருத்தி பாதி வழியில வண்டியிலேயே பெத்துப்பா. அப்ப உங்க 'இல்லை' அவளுக்குச் சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. மூலையில் உட்கார்ந்திருந்த தரம்தான் தொண்டையைக் கனைத்தாள்.

"தாளுக்குப் பாதி மார்க்குதான் டாக்டர். மீதிப் பாதி, நேர்ல என்ன நடக்குதுன்னு பாத்துப் போடுறது. போன வருஷம் தாள்ல எல்லாமே 'ஆம்'. நேர்ல பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சு. அதுலதான் தோத்தோம்."

"அப்ப நேர்ல காட்டுவோம்," என்றாள் பெரிய சிஸ்டர். "படியை அறுத்து உசரத்தைக் குறைக்க ஆள் சொல்லியாச்சு. பட்டையைக் கழட்டி நானே குப்பையில போட்டுட்டேன். கதவுல உள்தாழ்ப்பாள் வச்சாச்சு, எழுத்தர் இனிமே வெளிய நின்னுதான் கூப்பிடணும். கவுனுக்கு ஆயாம்மா நாடா தச்சுக்கிட்டிருக்கா, முதுகு வலியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. துணைக்கு ஒருத்தர் உள்ள வரலாம். அது நாளைக்கு மட்டும் இல்ல, தினமும். செய்ய முடியாததா என்ன இருக்கு இதுல?"

"இருக்கு. இந்தக் கேக்குறது. நீங்க கேப்பீங்க. ஒருத்தி வேணாம்னு சொல்லிட்டா?"

"காரணத்தைச் சொல்வோம். குழந்தையோட துடிப்பைக் கேட்டுக்கிட்டே இருப்போம். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேப்போம்."

"அதுவும் நாளைக்கு, அந்த அம்மா பேனாவோட நிக்குறப்ப, மேசையில இருக்குறவ வேணாம்னு சொல்லிட்டா? சோதிக்கவே விடலைன்னு எழுதிட்டுப் போனா? உங்க அறை போச்சு சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் தாளை எடுத்து மடித்தாள். "அவ சொன்னாச் சொல்லட்டும் டாக்டர். அவ வயிறு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தாள். பெரிய அதிகாரி மாதிரி தெரியவில்லை. தோளில் ஒரு துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. டீ வேண்டாம் என்றாள். தாளை வாங்கி, நின்றபடியே படித்தாள். ஆறு 'இல்லை'களையும் படிக்கும்போது புருவம் ஏறியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். "இதை நிரப்புனது யாரு?" என்றாள்.

"நான்தான்," என்றாள் பெரிய சிஸ்டர்.

வந்தவள் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள். பிரசவ அறைக்குள் போய் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

மேசையில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தாள். முதல் பிரசவம், விடிகாலையில் வந்தவள். உள்ளே நிற்கலாமா என்று சோதனைக்கு வந்தவள் முதலிலேயே அவளிடம் கேட்டிருந்தாள். டீச்சர் சரி என்றிருந்தாள். அவளுடைய அம்மா தலைமாட்டில் நின்று மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தை. வலி வந்தால் கத்தவும் மாட்டாள், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பாள். அம்மாதான் "ஸ்ஸ்" என்பாள்.

டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தாள். பதினோரு மணிக்கு மாடியில் ஒரு ஆபரேஷன். வருகிற வழியிலேயே கிளவுஸை எடுத்து மாட்டினாள், விரல்களைச் சேர்த்து இழுத்துவிட்டாள். இருபது வருடப் பழக்கம், கால் மேசையின் கடைசிக்குத் தானாகவே போயிற்று. வாய் திறந்தது.

பெரிய சிஸ்டர் அவளுக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றாள். குள்ளம்தான், ஆனால் நின்றுவிட்டால் அவளைத் தாண்டிப் போக முடியாது. டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டாள். கிளவுஸ் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சுவரோரம் நின்றவளின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது.

பெரிய சிஸ்டர் டீச்சரின் காலைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு தலைப்பக்கம் போய், குனிந்து, முகத்துக்கு நேரே பேசினாள்.

"டீச்சர், உள்ள விரலை வச்சு எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்கணும். டாக்டரம்மா பாப்பாங்க. சங்கடமாத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். நடுவுல நிறுத்துன்னு சொன்னா நிறுத்திருவாங்க."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. அதற்குள் அடுத்த வலி ஏறிவிட்டது. கண்ணை இறுக மூடி, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பெரிய சிஸ்டரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பெரிய சிஸ்டர் குனிந்த நிலையிலேயே டீச்சரின் தோளில் கையை வைத்தாள்.

"அவசரமே இல்லம்மா, வலி போகட்டும். போனதும் நீ சொல்லு... பாக்கட்டுமா, வேணாமா?"